போகாத நாளுக்கு என்ன வரும்?

என் சித்தி மகனுக்கு 23 வயது. போன மாதம் ஒரே வாரத்தில் அவனுக்கு இரண்டு வேலை வந்தது. ஒன்று, குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நிரந்தர வேலை, நாள் கூலி 450 ரூபாய். மற்றொன்று, ஊட்டி விடுதிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்ட்ராக்டரிடம், நாளுக்கு 550. "நூறு ரூபாய் கூட வருதுக்கா, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். கையில் வரும் பணத்தைப் பார்த்தால் வித்தியாசம் நூறோடு நிற்கவில்லை, அதற்கும் மேல். ஃபேக்டரியில் 450-ல் 12 சதவீதம், அதாவது 54 ரூபாய், பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிக்குப் போய்விடும். மிச்சம் 396. காண்ட்ராக்டர் எதுவும் பிடிக்காமல் 550-ஐ அப்படியே எண்ணிக் கொடுக்கிறார். 26 நாளுக்கு ஒரு பக்கம் 10,296, மறுபக்கம் 14,300. மாதம் 4,000 ரூபாய் அதிகம் என்றால் யாருக்குத்தான் மனசு அந்தப் பக்கம் போகாது?

ஆனால் இந்த இரண்டு வேலையையும் வேலைக்குப் போகிற நாளை வைத்து அளக்கக் கூடாது என்பது என் கட்சி. போகாத நாளில் என்ன வருகிறது என்று கேட்க வேண்டும். என் அம்மா 31 வருடம் எஸ்டேட் செக்ரோலில், அதாவது நிரந்தரத் தொழிலாளர் பேர்ப் பதிவேட்டில், பேர் இருந்தவர். அந்த வீட்டில் வளர்ந்ததால் எனக்கு இந்தக் கணக்கு சின்ன வயதிலேயே தெரியும்.

வருடத்தில் 280 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். 450 ரூபாய் வீதம் கூலி 1,26,000. இதற்கு மேல் முதலாளி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 15,120 ரூபாய். போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், முழுக் கூலிக்கும் போட்டால் 10,496. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சம்பளத்தோடு விடுப்பு, அது 14 நாள், 6,300 ரூபாய். தமிழ்நாட்டில் தேசிய விடுமுறை நான்கும் பண்டிகை விடுமுறை ஐந்தும் சம்பளத்தோடு உண்டு. அந்த ஒன்பது நாளுக்கு 4,050. அப்புறம் கிராஜுவிட்டி, வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை: சர்வீஸில் வருடத்துக்கு 15 நாள் கூலி, 6,750. எல்லாம் கூட்டினால் 42,716 ரூபாய். அதை 280 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 152 ரூபாய் கூடுகிறது. அவனுடைய 450 உண்மையில் 602. காண்ட்ராக்டர் தரும் 550 அதைவிட 50 ரூபாய் குறைவு.

அதுவும் காண்ட்ராக்டில் 280 நாள் வேலை கிடைத்தால்தான். ஊட்டியில் ஏப்ரல், மே சீசனில் ஓய்வே இல்லாமல் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் திறந்து ஜூன் மழையும் பிடித்துவிட்டால், அறைகள் காலி, போனும் வராது. 240 நாள்தான் என்றால் வருட வருமானம் 1,32,000. ஃபேக்டரிப் பக்கம் 1,68,716. காண்ட்ராக்டில் தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். பனி விழுந்து செடி கருகும் மாதங்களில் கொழுந்து இருக்காது. பேர் போட்ட ஆளுக்கு முதலில் வேலை கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்தால்தான் வெளி ஆள்.

பெண்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதில் ஞாயிற்றுக்கிழமையும் சேருமா என்று கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்குக்குக் காரணமானவர் ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண். சேரும் என்று 1977-ல் தீர்ப்பு வந்தது. ஆகவே 182 நாளுக்கும் கூலி. 450 ரூபாய் வீதம் 81,900. என் அண்ணி காண்ட்ராக்டில் கொழுந்து எடுத்தார். சட்டப்படி அவருக்கும் அந்த உரிமை இருந்தது. ஐந்தாம் மாதம் வயிறு தெரிந்ததும் காலையில் ஆள் ஏற்ற வரும் ஜீப் எங்கள் வளைவில் நிற்காமல் போக ஆரம்பித்தது, அவ்வளவுதான். வேலையை விட்டு நிறுத்துகிறோம் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததால் எதிர்த்துக் கேட்கவும் ஆள் இல்லை.

சட்டம் காண்ட்ராக்ட் ஆட்களைக் கைவிட்டுவிட்டது என்று சொல்லவில்லை. 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் காண்ட்ராக்டர் பி.எஃப். கட்டியே ஆக வேண்டும். அவர் கூலி கொடுக்காமல் ஏமாற்றினால், வேலை வாங்கும் நிறுவனமே கொடுக்க வேண்டும். ஆனால் காண்ட்ராக்டர் மாறிக்கொண்டே இருந்தால் சர்வீஸ் எங்கே சேரும்? கிராஜுவிட்டிக்குப் பொதுவாக ஐந்து வருடத் தொடர்ச்சி வேண்டும். பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து வருடம். ஒவ்வொரு காண்ட்ராக்டரும் புதுக் கணக்கு திறந்து, பழையதைச் சேர்க்காமல் விட்டால், பத்து வருடம் உழைத்தும் காகிதத்தில் இரண்டு இரண்டு வருடமாகச் சிதறிக் கிடக்கும்.

நானே இதில் அடிபட்டவள். ஒரு அலுவலகத்தில் மூன்று வருடம் தற்காலிகமாகக் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். 11 மாதம் முடிந்ததும் ஐந்து நாள் வர வேண்டாம் என்பார்கள். ஆறாம் நாள் புது ஆர்டர் கையில் வரும். அந்த ஐந்து நாளும் சும்மா கிடைத்த ஓய்வு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் இருப்பது, வேலையை விட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்ற இடைவெளி அந்தத் தொடர்ச்சியை முறிக்காது என்றும் அதில் இருக்கிறது. தோட்டங்களுக்கும் அந்தச் சட்டம் உண்டு. இடையில் ஒரு காண்ட்ராக்டர் இருந்தால்தான் சிக்கல்: "அவன் எங்க ஆள் இல்லை" என்று நிறுவனம் ஒரே வரியில் கை கழுவப் பார்க்கும்.

இன்னொன்றையும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். நிறுவனமே நேராக, இத்தனை வருடம் என்று எழுதி எடுக்கும் வேலை வேறு; காண்ட்ராக்டர் வழியாகப் போவது வேறு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, முதல் வகையினருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. இரண்டையும் ஊரில் காண்ட்ராக்ட் என்றே சொல்வதால் பலர் குழம்புகிறார்கள்.

சரி, நிரந்தரம் என்றால் கடைசி வரை நிரந்தரமா? ஊட்டிக்காரர்களிடம் இதைக் கேட்கவே தேவையில்லை. இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் தொடங்கி 1967-ல் உற்பத்திக்கு வந்தது. மத்திய அரசு நிறுவனம். அங்கே வேலை என்றால் பெண் கொடுக்க வரிசையில் நின்ற காலம் உண்டு. ஃபிலிமின் காலம் முடிந்ததும் அந்த நிரந்தரமும் போனது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பெரும்பாலானவர்கள் வெளியே வந்தார்கள். புதிய சட்டத்தில் 300 பேருக்குக் குறைவான தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்ய அரசிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முன்பு அந்த வரம்பு 100. ஒரு மாத நோட்டீஸும் வருடத்துக்கு 15 நாள் கூலியும் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனாலும் அதையாவது கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். எங்கள் வளைவில் நிற்காமல் போன ஜீப் ஒரு ரூபாயும் தரவில்லை.

எஸ்டேட் நிரந்தரத்துக்கு வேறொரு பாரமும் உண்டு. லயத்து வீடு, அதாவது எஸ்டேட் தொழிலாளிகளுக்குத் தரும் வரிசை வீடு, வேலையோடு ஒட்டியது. அம்மா ரிட்டயர் ஆன அன்று கிராஜுவிட்டியை நினைத்து யாரும் சந்தோஷப்படவில்லை, வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்ற கவலைதான். அந்த வீட்டுக்காகவே பிள்ளைகளில் ஒருவர் படிப்பை விட்டுச் செக்ரோலில் ஏறுவதை எங்கள் லயத்தில் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருவன் மாட்டிக்கொள்வதற்குக் காண்ட்ராக்டே மேல் என்று சில நாள் தோன்றியிருக்கிறது.

ஆகவே காண்ட்ராக்டை ஒரேயடியாகத் தள்ளவில்லை. கைத்தொழில் தெரிந்தவன், எலக்ட்ரீஷியன், வெல்டர், நல்ல சமையல்காரர், நாளுக்கு 1,000 ரூபாய் கேட்டு வாங்க முடிந்தவர் தாராளமாகப் போகலாம். பி.எஃப்.பைத் தானே சேமித்துக்கொள்ளும் ஒழுங்கு மட்டும் வேண்டும். மெத்தை விரிப்பு மாற்றும் வேலைக்கு 550 என்பது அந்த வகை இல்லை.

தம்பியிடம் மூன்று கேள்வி கேட்டு வரச் சொன்னேன்: வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். கணக்கு எண்ணான யூ.ஏ.என். தருவீர்களா, சம்பளச் சீட்டு உண்டா, ஜூலையில் எத்தனை நாள் வேலை. "பி.எஃப். எல்லாம் எதுக்குத் தம்பி, அதையும் சேர்த்துத்தானே கையில தர்றோம்" என்றாராம் காண்ட்ராக்டர். சீட்டுக் கிடையாது. ஜூலையைப் பற்றி, "அது அப்போ பார்த்துக்கலாம்." திங்கட்கிழமை அவன் ஃபேக்டரி நைட் ஷிஃப்டுக்குப் போகிறான். குளிருக்கு அப்பாவின் பழைய ஸ்வெட்டரைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.