தமிழ் முகவரிகளும் அப்பாச்சி ரீரைட் விதிகளும்: பல வருட அனுபவம்

தமிழ்த் தலைப்பையே முகவரியாக வைத்து ஒரு சமையல் குறிப்புத் தளத்தைப் பல வருடங்களாக அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருளில் நடத்தி வருகிறேன். வரும் முகவரியை உள்ளே வேறு முகவரியாக மாற்றும் அதன் ரீரைட் விதிகள் நம்பகமானவை, சரியாக எழுதிவிட்டால் அப்புறம் அடிக்கடி தொட வேண்டாம். ஆனால் ஆங்கிலத் தளங்களுக்கென்று எழுதிய விதியை அப்படியே எடுத்துப் போட்டால் தமிழுக்குச் சரிவராது.

தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகப் பிரவுசர் அனுப்பும் %E0 போன்ற சதவீதக் குறியீடுகளை எல்லாம் பழையபடி எழுத்தாக்கிய பிறகுதான் சர்வர் அந்த முகவரியை ரீரைட்ரூலிடம் (RewriteRule, விதியை எழுதும் கட்டளை) கொடுக்கிறது. அதனால் விதியில் தமிழையே நேரடியாக எழுதலாம், ஃபைலை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் சேமித்தால் போதும்.

ஆனால் ‘அ முதல் ஹ வரை எந்த எழுத்தும்’ என்று நினைத்து [அ-ஹ]+ என்று மட்டும் எழுதாதீர்கள். அப்பாச்சி அதை எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை, பைட் பைட்டாகப் பார்க்கிறது. அந்த வரம்பில் ‘தமிழ்’ தேறிவிடும், ‘பூண்டு’ தேறாது. யூடிஎஃப்-8இல் 3 பைட் எடுக்கும் உகர, ஊகாரக் குறிகளின் கடைசி பைட் அந்த வரம்புக்குள் வருவதில்லை. சில பக்கங்கள் ஒழுங்காகத் திறந்து, சில பக்கங்கள் மட்டும் 404 (பக்கம் இல்லை) காட்டினால் முதலில் இங்கே பாருங்கள். சாய்கோடு தவிர எதையும் ஏற்கும் [^/]+ போடுவதுதான் நல்லது.

அடுத்தது & குறி. ‘இட்லி&சட்னி’ என்ற முகவரியில் & குறி %26 ஆக வந்தாலும் விதி பார்க்கும்போது அது வெறும் & ஆகியிருக்கும். அதை $1 (விதியில் அடைப்புக்குறிக்குள் பொருந்திய பகுதி) வழியாகக் குவெரி ஸ்ட்ரிங்கில் (முகவரியில் ? குறிக்குப் பின் வரும் பகுதி) வைத்தால் நிரலுக்கு ‘இட்லி’ மட்டும் போய்ச் சேரும், சட்னி தனி அளவுருவாகப் பிரிந்துவிடும். விதியின் கடைசியில் பி ஃபிளாக் ([B] என்ற குறிப்பு) சேர்த்தால் $1 மறுபடி குறியீடாகிப் பத்திரமாகப் போகும். பிரவுசரை வேறு முகவரிக்குத் திருப்பும் ரீடைரக்ட் விதியில் பி போட்டால், மறுபடி குறியீடாக்காதே என்று சொல்லும் என்இ (NE) ஃபிளாக்கையும் சேர்த்துப் போட வேண்டும், இல்லையென்றால் %26 என்பது %2526 ஆகிவிடும்.

பிரவுசரிலிருந்து காப்பி செய்த குறியீட்டு முகவரியை ரீடைரக்ட் இலக்காக ஒட்டுவதும் ஆபத்துதான். ‘அ’ எழுத்தின் குறியீடு %85 என்று முடிகிறது, அதில் உள்ள %8ஐ ரீரைட்காண்டின் (RewriteCond, விதிக்கு முன் வரும் நிபந்தனை) பொருத்தம் என்று எடுத்துக்கொண்டு அப்பாச்சி அதை விழுங்கிவிடும்! இலக்கையும் தமிழிலேயே எழுதுங்கள், குறியீடாக்குவதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

2023 மார்ச்சில் வந்த அப்பாச்சி 2.4.56 பதிப்புக்கு மாறும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாற்றி எழுதிய குவெரி ஸ்ட்ரிங்கில் இடைவெளி இருந்தால் அந்தப் பதிப்பிலிருந்து 403 (அனுமதி இல்லை) வரும். பாதுகாப்புக்காகச் செய்தது, நியாயமான மாற்றம்தான். இதற்கும் பி ஃபிளாக்தான் மருந்து. அது இடைவெளியை + ஆக்கும், %20 ஆகவே வேண்டுமென்றால் பிஎன்பி (BNP) ஃபிளாக்கையும் சேர்க்கலாம்.

முகவரிக்குள் சாய்கோட்டை (/) %2F என்ற குறியீடாக அனுப்பினால் அப்பாச்சி இயல்பிலேயே 404 தரும். அதை அனுமதிக்கத் தனி அமைப்பு இருக்கிறது, ஆனால் நான் அதைத் தொடவில்லை; தலைப்பில் சாய்கோடு வந்தால் பதிவு சேமிக்கும்போதே ஹைஃபனாக மாற்றிவிடுகிறேன்.