சிபி 550-க்குப் போட்ட புது இக்னிஷன் சுவிட்ச்: எல்லாம் சரி, அந்த ‘டக்’ எங்கே?

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கும் தம்பி ஒருவன், என்னைப் போலவே பழைய ஹோண்டா சிபி 550 பைக் வைத்திருப்பவன், போன வாரம் செய்தி அனுப்பினான்: "அண்ணா, நீங்க போட்ட அந்த சுவிட்ச் இப்ப விலை குறைஞ்சிருக்கு, வாங்கிடட்டுமா?" ஒரு வார்த்தையில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. அந்தச் சுவிட்சைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் சாவியைத் திருப்புகிற ஒவ்வொரு தடவையும் எரிச்சல் வருகிறது. அதனால் நீட்டியே எழுதிவிடுகிறேன், டர்பன் பக்கம் பழைய ஹோண்டா வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

பழைய சுவிட்ச் வண்டியோடு பிறந்தது. சிபி 550 ஃபோர் 1974-இல் வந்த மாடல், என்னுடையது அதற்குச் சற்றுப் பிந்தியது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு உழைத்த ஒரு சாமானைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இந்த மாதிரி சுவிட்ச் ஒரேயடியாகப் போகாது, அதுதான் தொல்லை. முதலில் ஹேண்டிலை முழுக்க ஒடிக்கும்போது நியூட்ரல் விளக்கு ஒரு கணம் மங்கும். பிறகு, வண்டி சூடானதும் ஐட்லிங்கில் இருமும். நாலு கார்புரேட்டர் உள்ள வண்டியில் எந்தப் பழியும் முதலில் அவற்றின் தலையில்தான் விழும், மெக்கானிக்குகளும் அதைத்தான் விரும்புவார்கள், கழற்றி மாட்டினால் கூலி அதிகம். கடைசியில் ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில், பின்னால் ஒரு மினிபஸ் டாக்சி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வரும்போது, இன்ஜின், விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் செத்தது. சாவியை லேசாக ஆட்டினேன், எல்லாம் உயிர் பெற்றது. விளக்கும் சேர்ந்து அணைந்தால் அது கார்புரேட்டர் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

வீட்டுக்கு வந்து மீட்டர் வைத்துப் பார்த்தபோதுதான் இது ஏற்றத்தில் தொடங்கிய வியாதி இல்லை, பல வருட வியாதி என்று புரிந்தது. இந்த வண்டியில் பேட்டரியிலிருந்து சிவப்புக் கம்பி 15 ஆம்பியர் மெயின் ஃப்யூஸ் வழியாகச் சுவிட்சுக்குள் போகிறது, கறுப்புக் கம்பியாக வெளியே வந்து வண்டி முழுக்கக் கிளை பிரிகிறது. ஹெட்லைட், பிரேக் விளக்கு, ஹாரன், தீப்பொறி தருகிற இரண்டு இக்னிஷன் காயில், பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு காயில் என்று அத்தனைக்கும் போகிற கரண்ட் அந்தச் சுவிட்சுக்குள் இருக்கும் நகக்கண் அளவு உலோகத்தைத் தொட்டுத்தான் போக வேண்டும். 55 வாட் ஹெட்லைட் ஒன்றே நாலரை ஆம்பியர் கேட்கும். காயில் ஒவ்வொன்றும் நாலரை, ஐந்து ஓம், பாயிண்ட் (காயிலின் கரண்டை இணைத்து அறுக்கிற கான்டாக்ட்) மூடியிருக்கும்போது தலைக்கு இரண்டரை ஆம்பியராவது இழுக்கும்.

சோதனை சுலபம். மல்டிமீட்டரின் சிவப்பு முனை பேட்டரியின் பாசிட்டிவில், கறுப்பு முனை காயிலுக்குப் போகும் கறுப்பு-வெள்ளைக் கம்பியில். சாவி ஆன், பாயிண்ட் மூடியிருக்கட்டும், ஹெட்லைட்டும் எரியட்டும். வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பதை மீட்டர் நேராகக் காட்டிவிடும். அரை வோல்ட்டுக்குள் என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். என் வண்டியில் இரண்டு வோல்ட்டுக்கும் மேல். பேட்டரியில் 12.4 இருக்க, காயிலுக்கு 10.3-தான் கிடைத்தது. இரண்டு வோல்ட்தானே என்று தோன்றும், ஆனால் காயிலில் சேர்கிற ஆற்றல் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, கணக்குப் போட்டால் தீப்பொறியின் வலுவில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. காலையில் வண்டி ஏன் அடம்பிடித்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. பேட்டரிக்குப் போகிற சார்ஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் வோல்ட்டைப் பார்ப்பதும் அதே கறுப்புக் கம்பியில்தான். சுவிட்ச் வழியில் வோல்ட்டைத் தின்றுவிட்டால், பேட்டரி பசியாக இருக்கிறது என்று நினைத்து ரெகுலேட்டர் மேலும் மேலும் ஊட்டும். பேட்டரி கொதிக்கும், தண்ணீர் வற்றும், எல்லோரும் ரெகுலேட்டரைத் திட்டுவார்கள். பாவம், அது தனக்குத் தெரிந்ததைத்தான் செய்கிறது.

ஹெட்லைட் கிண்ணத்தைத் திறந்தால் சுவிட்சின் பிளக் கைக்கு வரும். வெள்ளை நைலான் பிளக், ஆனால் சிவப்புக் கம்பி நுழைகிற மூலை மட்டும் டீக்கறை மாதிரி பழுப்பாக, ஓரம் லேசாக இளகி மறுபடி இறுகிப்போயிருந்தது. அங்கே உள்ளே இருக்கும் பின்னைச் சுரண்டிப் பார்த்தேன், பச்சையும் கறுப்புமாகக் களிம்பு. நான் வேலை பார்க்கிற இடம் துறைமுகத்தை ஒட்டியது, வண்டி பகல் முழுக்க உப்புக் காற்றில் நிற்கிறது. கோடை மழையும் ஈரப்பதமும் சேர்ந்தால் டர்பனில் செம்பு எதுவும் செம்பாக இருப்பதில்லை.

சரி, புதுச் சுவிட்சுக்கு வருவோம். ஒரிஜினல் பழைய ஸ்டாக் எங்காவது கிடைத்தாலும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் கம்பெனிப் பெயர் இல்லாத மாற்றுச் சுவிட்ச் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன், அப்போதே 500 ராண்டுக்குள் முடிந்தது. பொருத்துவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கம்பிகளின் நிறம் பழையதோடு ஒத்துப்போனது, சிவப்பு, கறுப்பு, பழுப்பு, பழுப்பில் வெள்ளைக் கோடு. அந்த இளகிப்போன பிளக்கை மட்டும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட்டேன். புதுச் சுவிட்சை பழைய வெந்த பிளக்கில் சொருகுகிறவர்கள் பணத்தை நேராகக் குப்பையில் போடலாம், அலைச்சலாவது மிச்சம்.

மாற்றிய பிறகு மீட்டரில் அரை வோல்ட்டுக்கும் கீழே. ஹெட்லைட்டின் மஞ்சள் போய் வெள்ளை வந்தது, முதல் அமுக்கிலேயே நாலு சிலிண்டரும் பிடித்துக்கொண்டன, பழைய சாலையில் போத்தாஸ் ஹில் தாண்டி இன்சாங்கா வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் வண்டி ஒரு தடவைகூடக் கனைக்கவில்லை. ஹேண்டிலை எப்படி ஒடித்தாலும் விளக்கு அசைவதில்லை. பேட்டரியும் தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட கோடையின் அடைமழையில் நனைந்தும் உள்ளே கசியவில்லை. மேல் மூடியின் குரோமியத்தில் வேர்க்குரு மாதிரி துரு கிளம்பியிருக்கிறது, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை, இந்த ஊரில் நல்ல குரோமியத்துக்கே அந்தக் கதிதான். கொடுத்த காசுக்கு அது செய்ய வேண்டிய வேலையைக் குறைவில்லாமல் செய்கிறது, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

இனி என் வயிற்றெரிச்சல்.

பழைய சுவிட்சில் சாவியைத் திருப்பினால் ஆன் இடத்தில் ‘டக்’ என்று உட்காரும். விரலுக்குத் தெரியும், காதுக்கும் தெரியும். கையுறை போட்டிருந்தாலும், இருட்டாக இருந்தாலும், லோட் ஷெடிங்கில் தெரு முழுக்கக் கறுத்துக் கிடந்தாலும் சாவி எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியதில்லை. புதியதில் அது இல்லை. சாவி வழுவழுவென்று போகிறது, எங்கோ ஓரிடத்தில் விளக்கு எரிகிறது, அதுதான் ஆன் என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆஃபுக்குத் திருப்பும்போது இன்னும் மோசம். இந்தச் சுவிட்சில் ஆஃபைத் தாண்டியதும் பார்க்கிங், அங்கேயும் சாவி கழன்று வரும். இன்ஜின் நின்றுவிட்டது, சாவியும் கைக்கு வந்துவிட்டது, வண்டியை ஓரங்கட்டி நடக்கிறோம், பின்விளக்கு மட்டும் எரிந்துகொண்டு நிற்கும். பகல் வெளிச்சத்தில் அது கண்ணில் படாது. என் வண்டியில் இருப்பது 8 வாட் பல்பு, பேட்டரி 12 ஆம்பியர்-மணி. கணக்குப்படி 18 மணி நேரம், பழைய பேட்டரி என்றால் அதற்கும் குறைவு. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் வண்டி முனகும், ஸ்டார்ட் ஆகாது. நல்லவேளை, கிக்கர் இருக்கிறது.

இதோடு சாவிப் பிரச்சினை. முன்னே ஒரே சாவிதான், இக்னிஷனுக்கும் ஹேண்டில் பூட்டுக்கும் ஹெல்மெட் பூட்டுக்கும் அதுவே. இப்போது இக்னிஷனுக்குத் தனிச் சாவி, மற்றதற்குப் பழைய சாவி. இரண்டையும் ஒரே வளையத்தில் மாட்டினால் பழைய சாவி தொங்கி ஆடி, போகிற வழியெல்லாம் மேல் பிராக்கெட்டில் கிணுகிணுவென்று தட்டிக்கொண்டே வரும். சத்தம்கூடப் பொறுக்கலாம். பிடிப்பே இல்லாத சுவிட்சில் அந்தக் கனம் சாவியை மெல்ல மெல்ல இழுக்கிறது, சாட்ஸ்வர்த் தெருக்களில் இருக்கிற வேகத்தடைகளில் நாலைந்து ஏறி இறங்கினால் விளக்கு ஒரு கணம் மினுக்கும். எந்த வியாதிக்காக சுவிட்சை மாற்றினேனோ அதே வியாதி வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. இப்போது இக்னிஷன் சாவியை வளையம் இல்லாமல் மொட்டையாக வைத்திருக்கிறேன். அது சட்டைப்பையில் சில்லறையோடு கலந்து, துவைக்கப் போட்ட துணியில் கிடைக்கிறது. வீட்டில் என்ன பேச்சு வாங்கியிருப்பேன் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பழைய பூட்டு உருளையைப் புதுச் சுவிட்சில் மாற்ற முடியுமா என்று டாக்டர் யூசுஃப் டாடூ தெருவில், அதாவது நாம் இன்னும் கிரே ஸ்ட்ரீட் என்று சொல்கிற இடத்தில், பூட்டு வேலை செய்கிறவரிடம் கொண்டுபோனேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு பார்வைதான் பார்த்தார். உருளையின் விட்டமே வேறு, சாவி நுழைகிற வாயும் வேறு. காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தார், நல்ல மனிதர்.

எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார், காலமெல்லாம் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்து ரிடையர் ஆனவர், தமிழ் பாதி ஆங்கிலம் பாதியாகப் பேசுவார். புதுச் சுவிட்சில் சாவியை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னப்பா, பேசவே மாட்டேங்குது" என்றார். அத்தோடு விடாமல், பழையதை எடுத்து வா என்றார். இரண்டு பேருமாகத் திறந்தோம். பின்பக்கத்து பேக்கலைட் தட்டை நாலு சின்னக் காதுகள் பிடித்திருக்கின்றன, மெல்லிய ஸ்குரூடிரைவரால் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் நெம்ப வேண்டும், ஒரு காது உடைந்தால் கதை முடிந்தது. அதற்கு முன்னால் கீழே ஒரு பழைய துண்டை விரித்துக்கொள்வது புத்திசாலித்தனம், ஸ்பிரிங் தெறித்து ஓடும். உள்ளே கிரீஸ் மெழுகாக இறுகிக் கிடந்தது. அதைத் துடைத்தால் செம்புப் புள்ளிகள், அவற்றில் சிவப்புக் கம்பி சேருகிற ஒன்று மட்டும் அரித்து அம்மைத் தழும்பாக இருந்தது, மற்றவை மங்கியிருந்தன, கெடவில்லை. அந்த ‘டக்’ எங்கிருந்து வருகிறது என்பதும் அப்போது தெரிந்தது. ஸ்பிரிங் தள்ளுகிற ஒரு குட்டி எஃகுக் குண்டு பள்ளத்தில் விழுகிற சத்தம் அது. இதற்கு என்ன பெரிய செலவாகிவிடும்? புதியதைச் செய்தவர்கள் அதே நிறக் கம்பியைத் தேடிப் போட்டார்களே, இந்த ஒரு குண்டையும் போட்டிருக்கக் கூடாதா?

மாமா அந்தப் புள்ளிகளை மிக மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனரால் கழுவி, துளி டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைத்து மூடிக் கொடுத்தார். பூட்டு உருளைக்கு எண்ணெய் வேண்டாம், கிராஃபைட் பொடி மட்டும் போதும் என்றார், எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். மேசையில் வைத்து மீட்டரில் பார்த்தால் பழையது புதியதற்கு ஏறக்குறைய சமமாகவே காட்டுகிறது.

ஆகவே தம்பி, மார்க் போடச் சொன்னால் அந்தப் புதுச் சுவிட்சுக்குப் பத்துக்கு எட்டு கொடுப்பேன். வாங்காதே. விலை இன்னும் பாதியானாலும் வாங்காதே. அப்படியானால் உங்கள் வண்டியில் ஏன் இன்னும் அதுவே இருக்கிறது என்று கேட்பாய். ஒழுங்காக வேலை செய்கிற சாமானைக் கழற்றி எறிய எனக்கு மனசு வரவில்லை, அதுதான் காரணம், இதில் நியாயம் எதுவும் தேடாதே. உன்னுடைய பழைய சுவிட்ச் உடையாமல் இருந்தால் திறந்து சுத்தம் செய், பிளக்கை மாற்று, காயிலுக்கு ஒரு ரிலே போடு, அதாவது சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச். கரண்டின் பெரும் பாரத்தில் ஒரு பங்கு ரிலே வழியாகப் போய்விடும், சுவிட்சின் ஆயுள் கூடும்.

ரிலே எந்த மோட்டார் சாமான் கடையிலும் கிடைக்கிற நாலு முனை, 12 வோல்ட் ரகம் போதும். முனைகளில் எண் போட்டிருக்கும்: பேட்டரி பாசிட்டிவிலிருந்து தனி ஃப்யூஸ் வைத்து 30-க்கு, 87-இலிருந்து காயிலுக்கு. காயிலுக்கு முன்பு போய்க்கொண்டிருந்த கறுப்பு-வெள்ளைக் கம்பியை 86-இல் கொடு, அப்போது இன்ஜினை நிறுத்துகிற கில் சுவிட்சும் பழையபடி வேலை செய்யும், 85-இலிருந்து எர்த். முனைகள் 6.3 மில்லிமீட்டர் ஸ்பேடு, அழுத்துவதற்கு நல்ல கிரிம்பர் இல்லையென்றால் என்னிடம் வந்து வாங்கிக்கொள், இடுக்கியால் நசுக்காதே. டேங்குக்கு அடியில், முனைகள் கீழ்ப்பக்கம் பார்க்கிற மாதிரி மாட்டு, தண்ணீர் நிற்காது. உள்ளே டையோடு வைத்த ரிலே கையில் கிடைத்தால் 85-ஐயும் 86-ஐயும் மாற்றிக் கொடுத்துவிடாதே, சாவியைத் திருப்பியதும் ஃப்யூஸ் போகும்.