லண்டன் ஃப்ராய்டு அருங்காட்சியகம்: சோபாவைப் பார்க்கும் முன் மேசையைப் பாருங்கள்

நோயாளியைப் பேசவைத்து ஆழ்மனதை ஆராயும் உளப்பகுப்பாய்வு முறையைத் தொடங்கிய சிக்மண்ட் ஃப்ராய்டு, நாஜிகளிடமிருந்து தப்பி 1938-இல் வியன்னாவிலிருந்து லண்டன் வந்து, தன் வாழ்நாளின் கடைசி ஒரு வருடத்தைக் கழித்த வீடு இது. ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் 20, மேர்ஸ்ஃபீல்டு கார்டன்ஸ். மகள் அன்னா 1982-இல் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். 1986-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் நேராகப் போவது ஃப்ராய்டின் நோயாளிகள் படுத்துப் பேசிய, கம்பளம் விரித்த அந்தப் புகழ்பெற்ற சோபாவுக்கு. பார்க்க வேண்டியதுதான். ஆனால் நம்மவர்கள் போனால் முதலில் எழுதுமேசையைப் பாருங்கள் என்பேன். வரிசையாக நிற்கும் எகிப்து, கிரேக்கச் சிலைகளுக்கு நடுவே தந்தத்தில் செய்த ஒரு விஷ்ணு. ஆதிசேஷன் சுருண்டு ஆசனமாகி, மேலே படம் விரித்திருக்க, பெருமாள் இருந்த கோலத்தில். சின்னச் சிலைதான், நுணுக்கமான வேலை.

இதை அனுப்பியது கல்கத்தாவின் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம். 1931-இல் ஃப்ராய்டின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கான பரிசு. சில நாளில் தந்தத்தில் விரிசல் விட்டதாம். கல்கத்தாவில் பழகிய கடவுளுக்கு வியன்னாவின் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று ஃப்ராய்டு நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

அந்தச் சங்கத்தின் கதை தெரிந்தால்தான் சிலையின் அருமை தெரியும். 1922-இல் பார்சிபாகன் சந்து 14-ஆம் எண் வீட்டில் தொடங்கினார்கள். அது கிரீந்திரசேகர் போஸின் வீடு. போஸ் மருத்துவர். மன அமுக்கம் (வேண்டாத எண்ணங்களை மனம் தன்னையறியாமல் உள்ளே அழுத்திவைப்பது) பற்றி ஆய்வேடு எழுதிக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர். அதை அவரே 1921-இல் ஃப்ராய்டுக்கு அனுப்ப, கடிதத் தொடர்பு ஆரம்பித்தது. ஐரோப்பாவுக்குப் போய் யாரிடமும் பயிற்சி பெறாமல், புத்தகமும் தன் நோயாளிகளும் துணையாகத் தானே வழி கண்டவர். தொடங்கிய ஆண்டிலேயே சங்கத்துக்குச் சர்வதேச உளப்பகுப்பாய்வு அமைப்பின் அங்கீகாரம் கிடைத்தது. உறுப்பினர்களில் கல்லூரி ஆசிரியர்கள் நிறைய, ராஞ்சி மனநல மருத்துவமனையை நடத்திய பெர்க்லி-ஹில் போன்ற ஓரிரு ஆங்கிலேயர்களும் உண்டு.

எனக்குப் பெரிதாகப் படுவது போஸ் தலையாட்டிக்கொண்டே இருக்கவில்லை என்பதுதான். ஃப்ராய்டு அடிப்படை என்று நினைத்த விரைநீக்க அச்சம் (ஆணுறுப்பை இழந்துவிடுவோமோ என்று சிறுவயதில் மனதில் பதியும் பயம்) தன் இந்திய நோயாளிகளிடம் ஐரோப்பியர்களிடம் இருக்கும் அளவுக்கு இல்லை என்று 1929-இல் அவருக்கே எழுதினார். காலனி நாட்டு மருத்துவர் ஒருவர் அந்தக் காலத்தில் அப்படி எழுதியதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். இருவரும் கடைசிவரை நேரில் சந்திக்கவே இல்லை.

சங்கம் பேச்சோடு நிற்கவில்லை. 1940-இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனையைத் தொடங்கினார்கள். இடம் கொடுத்தவர் போஸின் அண்ணன், வங்காளத்தின் பெரிய நகைச்சுவை எழுத்தாளர் ராஜசேகர் போஸ். 1947-இல் 'சமீக்ஷா' என்ற இதழும் வந்தது. கிரீந்திரசேகர் 1953-இல் காலமானார்.

சரி, வீட்டுக்கு வருவோம். ஃப்ராய்டின் வாசிப்பறையை அவர் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், அதற்கே முழு மதிப்பெண். மாடியில் அன்னாவின் அறையில் அவருடைய நெசவுத்தறி இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள். சின்ன வீடு என்பதால் ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம், ஆனால் மேசைக்கு முன்னால் நிதானமாக நிற்க இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளுக்குச் சலித்துவிடும். ஃபிஞ்ச்லி ரோடு நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான், கொஞ்சம் மேடு ஏற வேண்டும். வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் போஸ்–ஃப்ராய்டு கடிதங்களில் நாலைந்தாவது படித்துவிட்டுப் போங்கள்.