அஞ்சு மணி நேரமா, அரை மணி நேரமா? ஸ்கேல் சொன்ன பதில்

எனக்கு வந்திருப்பது பெய்ரோனி நோய் என்று யூராலஜிஸ்ட் சொன்னபோது வளைவு கிட்டத்தட்ட 35 டிகிரி. ஆணுறுப்பின் உள்ளுறையில் தழும்பு கெட்டியாகிவிட்டால், விறைக்கும்போது அந்தப் பக்கம் விரியாமல் இழுத்துக்கொள்ளும். இழுவைக் கருவி போட்டுப் பார்க்கலாம் என்றார்.

ஆண்ட்ரோபெனிஸ் பழைய ரகம்: இரண்டு பக்கமும் கம்பி, தினமும் மணிக்கணக்கில் மாட்டியிருக்க வேண்டும். ரெஸ்டோரெக்ஸ் புதியது: நாளுக்கு அரை மணியிலிருந்து ஒன்றரை மணி, வளைவுக்கு எதிர்ப்பக்கமாக மடக்கியும் இழுக்கலாம். நான் வாங்கியது புதியதை. கம்பியை பேண்டுக்குள் வைத்துக்கொண்டு ஆபீஸில் உட்கார முடியாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஆய்வுகளில் அளந்த விதம்.

பெரும்பாலும் தளர்ந்த உறுப்பை இழுத்துப் பிடித்து, மேல்பக்கம் ஸ்கேலை வைத்துத்தான் நீளம் எடுக்கிறார்கள். தோல்மேல் சும்மா வைத்தால் அடிவயிற்றுக் கொழுப்பு ஒரு பங்கை விழுங்கிவிடும். எலும்பில் முட்டும்வரை அழுத்த வேண்டும். வீட்டில் இரண்டு விதமாகவும் அளந்தேன். ஒரே நிமிடத்தில் 1.5 செ.மீ. வித்தியாசம்! அப்புறம், எவ்வளவு பலமாக இழுப்பது? விறைப்பு நீளத்தை எட்டக் குறைந்தது 450 கிராம் விசை வேண்டும் என்று 2000இல் வந்த ஆய்வு ஒன்று சொன்னது. கையால் இழுப்பவருக்கு அது 400ஆ 600ஆ என்று எப்படித் தெரியும்? முதல் நாள் வலிக்குமோ என்று மெதுவாக இழுத்தவர், ஆறு மாதம் கழித்துத் தைரியமாக இழுத்தாலே சில மில்லிமீட்டர் 'வளர்ந்து'விடும்.

இதை மனதில் வைத்து, ஆண்ட்ரோபெனிஸை வைத்து 2009இல் வந்த இத்தாலிய ஆய்வைப் படித்தேன். 15 பேர், தினம் 5 மணி நேரமாவது, 6 மாதம். இழுத்த நீளம் 1.3 செ.மீ. கூடியது, வளைவு 31இலிருந்து 27 டிகிரி. ஒப்பிட இன்னொரு குழு கிடையாது. என் ஸ்கேல் ஆடிய ஆட்டத்தைவிட அந்த 1.3 சின்னது.

ரெஸ்டோரெக்ஸுக்கு 2019இல் வந்த ஆய்வில் 110 பேர், சீட்டுக் குலுக்கியதுபோலப் பிரிக்கப்பட்டவர்கள். 3 மாதத்தில் நீளம் 1.5 செ.மீ. கூடியது, கருவி போடாதவர்களுக்கு மாற்றமில்லை. வளைவு 11.7 டிகிரி குறைந்தது, மற்றவர்களுக்கு 1.3 டிகிரி கூடியது. கை இழுப்பில் பிழை வந்தாலும் இரண்டு குழுவுக்கும் ஒன்றுபோலத்தானே வரும்? கருவி மேயோ கிளினிக்கோடு சேர்ந்து உருவானது, ஆய்வும் அங்கேயே நடந்தது என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெனிமாஸ்டர் புரோ என்ற இன்னொரு இழுவைக் கருவி, தினம் 3 முதல் 8 மணி நேரம், 12 வாரம்: அதே 2019இல் வந்த வேறொரு ஆய்வில் வளைவு சராசரியாக 31 டிகிரி குறைந்திருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை என்றால் நான் தடுமாறியிருப்பேன். அதை நான் கையில் எடுத்ததுகூட இல்லை, அதனால் மாட்டும் கஷ்டம் பற்றிப் பேச மாட்டேன்.

எனக்கு ஆனது மூன்று மாதம்தான். கிளினிக்கில் ஊசி போட்டு, விறைப்பில் கோணமானி வைத்துப் பார்த்ததில் 35 இப்போது 26. நீளம் 0.8 செ.மீ. கூடியதாக என் நோட்டில் இருக்கிறது. அதே வாரம் டாக்டர் அளந்தபோது 0.3.