கோலுக்கு இடம் பிரித்து வைப்பதா, முன்வரிசை கொடுப்பதா?

யாழ்ப்பாணத்தில் 4ஜி ரவுட்டரை நம்பி ஓடுகிற சின்ன அலுவலகங்களிலும் ரியூட்டரிகளிலும் கேட்கிற முறைப்பாடு ஒன்றுதான்: இணையம் வேகமாத்தான் இருக்கு, கோல் மட்டும் வெட்டி வெட்டிக் கேட்குது.

காரணம் அப்லோட் வரிசை, அதாவது வெளியே போகிற தரவு காத்து நிற்கிற இடம். 1500 பைட் தரவுப் பொதி ஒன்று 1 மெகாபிட் இணைப்பில் வெளியேற 12 மில்லி செக்கன் எடுக்கும். யாரோ படம் ஏற்றுகிற நேரம் மோடத்தில் அப்படி 100 பொதி தேங்கினால், பின்னால் வருகிற குரல் 1.2 செக்கன் காத்திருக்கும். சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யூ.வின் ஜி.114 பரிந்துரை நல்ல கோலுக்குச் சொல்கிற ஒருவழித் தாமதமோ 150 மில்லி செக்கன் வரைதான்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, எச்டிபி (வேகத்தைப் பிரிவு பிரிவாகப் பங்கிடும் வரிசைமுறை) போன்ற முறையில் குரலுக்கென்று இத்தனை கிலோபிட் எனப் பாத்தி கட்டிவிடுவது. மற்றது, ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளில் வருகிற 'கேக்' வரிசைமுறையால் குரலை முன்னுக்கு விட்டு, மிச்சத்தைத் தரவுக்குத் திறந்துவிடுவது. 4ஜி இணைப்புக்கு நான் சொல்வது இரண்டாவதைத்தான்.

பாத்தி முறையிலும் ஒரு நன்மை உண்டு: கணக்கு கண்ணுக்குத் தெரியும். ஜி.711 என்ற குரல் குறியாக்கத்தில் கோல் ஒன்றுக்கு ஒரு திசையில் 80 கிலோபிட். நான்கு மேசைத் தொலைபேசிக்கு 320. அந்த இடத்தைத் தரவு கடன் வாங்க விடாமல் பூட்டினால் கோல் இல்லாத நேரம் அந்த 320 சும்மா கிடக்கும். அது பெரிய இழப்பில்லை.

பராமரிப்பில்தான் இது சறுக்குகிறது. அப்லோட் 2 மெகாபிட் என்று அளந்து, குரலுக்கு 320, தரவுக்கு 1680 என்று எழுதி வைக்கிறீர்கள். இரவு எட்டு மணிக்கு, ரொறன்ரோவில் காலை விடிந்து ஊருக்குக் கோல் வரத் தொடங்குகிற நேரம், அதே இணைப்பு 1 மெகாபிட்டுக்கு இறங்குகிறது. தரவுப் பாத்தி இன்னும் 1680ஐத் தள்ளிக்கொண்டேயிருக்கும். நெரிசல் உங்கள் ரவுட்டரை விட்டு மோடத்துக்குப் போய்விடும். அங்கே உங்கள் பாத்திகள் எதுவும் இல்லை. குரல் பழையபடி தரவுக்குப் பின்னால் நிற்கும். நல்லூர்த் தேர், தீர்த்த நாட்களில் கோயில் பக்கத்து ரவர்களை நம்பியிருப்போருக்கு இது பகலிலேயே நடக்கலாம். ஒவ்வொரு தடவையும் எல்லாப் பாத்தியையும் திருத்தி எழுத ஆர் இருக்கினம்?

கேக்கும் மந்திரம் இல்லை. நீங்கள் கொடுக்கிற உச்சவரம்பு (ரவுட்டர் இதற்கு மேல் அனுப்பக் கூடாது என்ற வேகம்) உண்மை வேகத்தை விடக் கூடினால் அதுவும் இதே மாதிரித்தான் தோற்கும். ஆனால் அங்கே பார்க்க வேண்டியது அந்த ஒரே உச்சவரம்பு எண்ணைத்தான். குரல் பிரிவு அதில் 25 சதவீதம். அதற்கு மேல் போனால் முன்னுரிமை போய்விடும். வரம்பை மாற்றினால் பங்கும் தானாக மாறும். 1 மெகாபிட்டில் 250 கிலோபிட், அதாவது மூன்று ஜி.711 கோல். நான்காவது வேண்டுமென்றால் தொலைபேசியைக் குரலை இன்னும் சுருக்குகிற ஜி.729க்கு மாற்றுங்கள், கோலுக்கு 24 கிலோபிட்தான். வேகம் அடிக்கடி ஆடுகிற இடத்தில் 'கேக் ஆட்டோரேட்' என்ற துணை நிரல் தாமதத்தைப் பார்த்து அந்த எண்ணைத் தானே ஏற்றி இறக்கும்.

அமைக்கிறபோது மூன்று இரவு, எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் வேகத்தை அளவுங்கள். ஆகக் குறைந்ததில் 85 சதவீதத்தை ரவுட்டரில் கேக்கை அமைக்கிற எஸ்கியூஎம் பக்கத்தில் உச்சவரம்பாகப் போடுங்கள். நிரலில் 'லேயர் கேக்' தெரிவு செய்யுங்கள். பலர் பெயரைப் பார்த்து 'பீஸ் ஒஃப் கேக்' எடுத்துவிடுகிறார்கள். அதில் குரலுக்குத் தனிப் பிரிவே இல்லை. தொலைபேசியில் டிஎஸ்சிபி 46, அதாவது பொதியைக் குரல் என்று காட்டும் குறி, இருக்க வேண்டும். வெளியிலிருந்து வருகிற பொதியில் அந்தக் குறி பெரும்பாலும் அழிந்திருக்கும். ஆனாலும் கேக் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் (ஒரு கோல், ஒரு பதிவேற்றம் போல) சம பங்கு கொடுப்பதால், மெல்லிய குரல் ஓட்டம் தப்பிவிடும். வாட்ஸ்அப் கோலைக் காப்பாற்றுவதும் இதுதான்.

வைபை பக்கம் ஒரு பொறி இருக்கிறது. பல கருவிகள் டிஎஸ்சிபியின் முதல் மூன்று பிட்டை மட்டும் பார்ப்பதால் 46 என்பது 5 ஆகி, குரல் வீடியோ வகுப்பில் விழும். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணம் அதைக் குரல் வகுப்பான 6 ஆக்கச் சொல்கிறது. உங்கள் கருவியில் கியூஓஎஸ் மப் (எந்தக் குறி எந்த வகுப்புக்குப் போகும் என்று சொல்கிற) அமைப்பு இருந்தால் மாற்றுங்கள். தடித்த கல்லுச் சுவர் வீடென்றால், கோல் எடுக்கிற அறைக்கே கம்பி இழுத்து ஒரு அக்சஸ் பொயின்ற் வைப்பது இதைவிடப் பயன் தரும்.

உள்ளூர்க் கோலுக்கு வோல்ட்டீ (4ஜி வழியாகவே போகிற சாதாரணத் தொலைபேசி அழைப்பு) இருந்தால் அதிலேயே கதையுங்கள். ரவரில் அதற்கு உறுதி செய்த தனி வழி உண்டு. வாட்ஸ்அப் அங்கே சாதாரணத் தரவுதான். வேகம் ஆடாத ஃபைபர் இணைப்பு உள்ளவர்களுக்குப் பாத்தி முறையும் சரிவரலாம்.

எதை எடுத்தாலும், பெரிய கோப்பு ஒன்றை அப்லோட்டில் விட்டுவிட்டு கூகிளின் 8.8.8.8க்குப் பிங் (பொதி போய்வரும் நேரத்தை அளக்கும் சோதனை) போட்டுப் பாருங்கள். 50 மில்லி செக்கன் 80 ஆனால் விட்டுவிடலாம். 400 ஆனால் வரம்பை 10 சதவீதம் குறைத்து மறுபடி போடுங்கள்.