எந்த ஹோல்டரில் ஸ்மார்ட் பல்பு?

வைஃபை வழியே கைப்பேசியால் இயக்கக்கூடிய 9 வாட் ஸ்மார்ட் பல்புகளை மதுரையில் உள்ள எங்கள் வீட்டில் வரவேற்பறை, படுக்கையறை, மாடிப்படி, போர்ட்டிகோ ஆகிய நான்கு இடங்களில் மாட்டி, ஓராண்டுக்கு மேலாகப் பயன்படுத்தி வருகிறோம். வீட்டில் மாமியார், பள்ளிக்குச் செல்லும் மகள், காலையில் வேலைக்கு வந்து போகும் அக்கா என்று பலர் புழங்குவதால், இந்தப் பல்பை ஒருவர் மட்டும் கைப்பேசியோடு உட்கார்ந்து சோதித்துப் பார்த்ததாக யாரும் எண்ண வேண்டாம். பல்பின் மீது எனக்குப் பெரிய குறை இல்லை. ஆனால் நம் வீடுகளின் எல்லா ஹோல்டரிலும் மாட்டக்கூடிய பொருள் அது அன்று என்பதே என் முடிவு.

மாட்டுவதில் சிரமம் எதுவும் இல்லை. நம் ஊர்ப் பின் டைப் ஹோல்டருக்கே பல்பு கிடைக்கிறது. செயலியில் கணக்குத் தொடங்கி, பல்பை வைஃபையோடு இணைக்கும் இடத்தில் மட்டும் கவனம் தேவை. இவ்வகைப் பல்புகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே வேலை செய்பவை. இப்போது வரும் ரவுட்டர்கள் 2.4, 5 ஆகிய இரண்டையும் ஒரே பெயரில் காட்டுவதால், கைப்பேசி ஒன்றிலும் பல்பு மற்றொன்றிலும் நின்று, இணைப்பு பாதியில் முறிவதுண்டு. ரவுட்டர் அமைப்பில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்து, கைப்பேசியையும் 2.4-இல் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல நல்ல செய்தியே அதிகம். பகலில் படிக்க ஏற்ற 6500 கெல்வின் வெள்ளை ஒளியிலிருந்து இரவில் கண்ணை உறுத்தாத 2700 கெல்வின் மஞ்சள் ஒளி வரை ஒரே பல்பில் மாற்றிக்கொள்ள முடிவதும், ஒளியின் அளவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க முடிவதும் படுக்கையறைக்கு உண்மையான வசதிகள். நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழும் மாமியாருக்கு அந்த மங்கலான ஒளி போதுமானதாக இருக்கிறது. தனியாக நைட் லேம்ப் தேவைப்படவில்லை. விளம்பரத்தில் கோடிக்கணக்கில் எண்ணிக்கை சொல்லும் வண்ணங்களோ தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் எட்டிப் பார்ப்பதோடு சரி. வண்ண ஒளிக்குச் சிவப்பு, பச்சை, நீல எல்.இ.டி.க்கள் மட்டுமே எரிவதால், வெள்ளையில் கிடைக்கும் பிரகாசம் அதில் கிடைப்பதும் இல்லை. மேலும், 9 வாட் பல்பு வெள்ளையில் தருவது ஏறத்தாழ 800 லூமென் அளவு வெளிச்சம். நம் வரவேற்பறைச் சுவரில் இருக்கும் 20 வாட் எல்.இ.டி. டியூப்லைட் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தரும். ஆகவே டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு இதை மாட்டலாம் என்று திட்டமிடுபவர்கள் இரண்டு மூன்று பல்புகளுக்குக் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

இனி, சுவரில் இருக்கும் சுவிட்சுக்கு வருவோம். ஸ்மார்ட் பல்பு கைப்பேசியின் கட்டளைக்குக் காத்திருக்க வேண்டுமானால் அதற்கு எந்நேரமும் மின்சாரம் போய்க்கொண்டிருக்க வேண்டும்; அதாவது சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். யாராவது சுவிட்சை அணைத்துவிட்டால், ஐந்து மடங்கு விலை கொடுத்து வாங்கிய பல்பு செயலியில் 'ஆஃப்லைன்' என்ற சாம்பல் நிற எழுத்தாகிவிடுகிறது. ஆள் இல்லாத அறையில் விளக்கு எரியக் கூடாது, வெளியே வரும்போது சுவிட்சை அணைத்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். வேலைக்கு வரும் அக்கா கூட்டித் துடைத்து முடித்ததும் போர்டில் உள்ள ஆறு சுவிட்சுகளையும் ஒரே கைவீச்சில் அணைத்துவிட்டுத்தான் அறையை விட்டு வெளியேறுவார். அதைத் தவறு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மகள் அந்த ஒரு சுவிட்சின் மேல் மட்டும் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவைத்தாள். வந்த உறவினர்கள் எல்லாரும் அந்தச் சுவிட்சில் ஷாக் அடிக்கும் என்று எண்ணிக்கொண்டு, ஃபேன் போடுவதற்கும் எங்களைக் கூப்பிட்டார்கள். மாமியாரின் கேள்வி இன்னும் நேரடியானது: "கைக்கெட்டுற தூரத்துல சுவிட்ச் இருக்கையில போனை எதுக்குத் தேடணும்?" வரவேற்பறையைப் பொறுத்தவரை அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

பிலிப்ஸ் ஹியூ 2012 அக்டோபரில் சந்தைக்கு வந்து இந்த வகைப் பல்புகளுக்கு ஒரு பாதை போட்டது. அவர்கள் இந்தச் சுவிட்ச் சிக்கலுக்காகவே சுவரில் ஒட்டிக்கொள்ளும் கம்பியில்லாப் பொத்தான்களையும் விற்கிறார்கள். அது நல்ல வழிதான் என்றாலும், பல்புகள், அவற்றை இணைக்கும் பிரிட்ஜ், பொத்தான் என்று கூட்டிப் பார்க்கும்போது செலவு நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது.

அடுத்தது மின்தடை. இந்தப் பல்புகளில் பல, போன மின்சாரம் திரும்பி வந்ததும் முழு வெளிச்சத்தோடு எரியும்படி அமைக்கப்பட்டே பெட்டியிலிருந்து வருகின்றன. நள்ளிரவில் கரண்ட் போய் வந்தால், உறங்கிக்கொண்டிருப்பவர்களின் முகத்தில் படுக்கையறைப் பல்பு பளீரென்று அடிக்கும். செயலியின் உள்ளே, மின்சாரம் திரும்பும்போது பல்பு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று தேர்வு செய்யும் இடம் ஒன்று உண்டு. அதில் 'முந்தைய நிலை' என்பதை வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். வாங்கும் முன்பே அந்த வசதி இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் மலிவான சில பல்புகளில் அது இல்லை.

இதைவிட விசித்திரமான சிக்கல் ஐப்பசி மழையின்போது வந்தது. பல்பை ரீசெட் செய்து, புதிதாக வாங்கியபோது இருந்த நிலைக்குத் திருப்ப வேண்டுமானால் சுவிட்சைத் தொடர்ந்து சில முறை போட்டு அணைக்க வேண்டும் என்பது பல நிறுவனங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு. காற்றும் மழையுமாக இருந்த ஒரு மாலையில் கரண்ட் கண் சிமிட்டுவதுபோல் போய்ப் போய் வந்தது. போர்ட்டிகோ பல்பு அதைச் சுவிட்சின் கட்டளையாகவே எடுத்துக்கொண்டு, வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் மறந்துவிட்டு, புதிதாக இணைக்கச் சொல்லி வேகமாக மின்னத் தொடங்கியது. வாடிக்கையாளர் சேவையில் பேசியவர், சுவிட்சை யாரோ விளையாட்டாகத் தட்டியிருப்பார்கள் என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். எலக்ட்ரீஷியனை அழைத்து, அந்தப் பல்புக்கும் ரவுட்டருக்கும் இன்வெர்ட்டர் இணைப்புக் கொடுத்த பிறகு அந்தத் தொல்லை நின்றது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு இந்தப் பல்பை நான் பரிந்துரைக்கத் தயங்குவதற்கு இதுவே காரணம்.

ஆனால் அதே போர்ட்டிகோவில்தான் இந்தப் பல்பு தன் விலைக்கு உரிய வேலையைச் செய்கிறது. மதுரையில் நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூலையில் ஏறத்தாழ ஆறே முக்கால் ஆகும். சாதாரண டைமரை மாதந்தோறும் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். ஸ்மார்ட் பல்பில் 'சூரியன் மறையும் நேரம்' என்று ஒருமுறை வைத்துவிட்டால், ஊரின் இருப்பிடத்தைக் கொண்டு அதுவே நாளுக்கு நாள் கணக்கிட்டு எரிகிறது. பதினொரு மணிக்குத் தானாகப் பாதி வெளிச்சத்துக்கு இறங்குகிறது. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் வாசல் இருளடையாமல் இருப்பது பெரிய நிம்மதி. போர்ட்டிகோ சுவிட்ச் கதவுக்குப் பின்னால் தனியாக இருப்பதால் யார் கையும் அதில் படுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குரல் கட்டளையை எண்ணி வாங்குபவர்களுக்கு ஒரு சொல்: இந்தியாவில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசும், அமேசானின் குரல் உதவியாளரான அலெக்ஸாவுக்கு நம் தமிழ்க் கட்டளை புரிவதில்லை. எங்கள் வீட்டில் அதனோடு பேசுபவள் மகள் மட்டும்தான்.

மின்கட்டணம் குறையும் என்ற விளம்பரத்தையும் அளந்து பார்க்க வேண்டும். சிக்கனத்துக்குக் காரணம் எல்.இ.டி.; அது சாதாரண பல்பிலும் இருக்கிறது. 9 வாட் பல்பு நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்குச் சுமார் 16 யூனிட் ஆகும். ஸ்மார்ட் பல்பு அணைந்திருக்கும்போதும் வைஃபைக்காக அரை வாட் அளவில் இழுத்துக்கொண்டிருந்தால், ஆண்டுக்கு மூன்றரை யூனிட் கூடுதலாகிறது. பணத்தில் அது பொருட்படுத்தத் தக்கதன்று. ஆனால் மிச்சம் என்று அதைச் சொல்ல முடியாது.

நிறுவனத்தின் சர்வரை, அதாவது இணையத்தின் மறுமுனையில் அவர்கள் இயக்கும் கணினியை, நம்பி வாழும் பொருள் இது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். ஸ்மார்ட் வீட்டுக் கருவிகளை விற்ற அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றித் தன் சர்வர்களை நிறுத்தியபோது, அதை நம்பிய வீடுகளில் செயலிகள் வேலை செய்யாமல் போயின. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான மேட்டர் என்னும் பொதுத் தரம், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் வீட்டு வைஃபைக்குள்ளேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழி செய்கிறது. சற்று விலை கூடினாலும் பெட்டியின் மேல் மேட்டர் முத்திரை உள்ள பல்பையே வாங்கச் சொல்வேன்.

வரவேற்பறைக்கும் மாடிப்படிக்கும் ஏற்றது வேறொரு பொருள். சுவிட்ச் போர்டின் உள்ளே வைக்கும் சிறிய ஸ்மார்ட் மாட்யூல் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. அதை மாட்டினால் பழைய சுவிட்சும் வழக்கம்போல் வேலை செய்யும், கைப்பேசியும் வேலை செய்யும். ஹோல்டரில் சாதாரணப் பல்போ டியூப்லைட்டோ இருந்தால் போதும். ஒளியின் நிறத்தை மாற்ற முடியாது என்பது மட்டுமே இழப்பு. அந்த மாட்யூலுக்கு நியூட்ரல் கம்பி, அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி, பெரும்பாலும் தேவை. பிளக் பாயின்ட் உள்ள நம் போர்டுகளில் அது ஏற்கெனவே வந்திருக்கும் என்பதால், எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலைதான். அந்த இரு இடங்களிலும் மாட்யூலுக்குச் சொல்லிவிட்டேன். கழற்றப்போகும் ஸ்மார்ட் பல்புகளில் ஒன்று மகளின் படிப்பு மேசை விளக்குக்குப் போகிறது. மற்றொன்றை, போர்ட்டிகோ பல்பு பழுதானால் மாற்றிக்கொள்ள எடுத்து வைத்திருப்போம்.