கூகுள் ஸ்காலரா, ஸ்கோபஸா? இனிஷியல்காரர்களுக்கு ஓர் அலசல்

நரம்பு மருந்தியலில் இருப்பவர்கள் தங்கள் கட்டுரைக் கணக்கை எங்கே வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தால் இரண்டு பெயர்தான் அடிபடும்: கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ். யார் என்ன எழுதினார், அதை எத்தனை பேர் சுட்டினார்கள் என்று கணக்கு வைக்கும் தளங்கள் இவை. இரண்டும் 2004இல் வந்தவை. ஒன்று இலவசம், மற்றது எல்செவியரின் சந்தாச் சரக்கு. ஸ்காலரில் மேற்கோள் எண்ணிக்கை ஏறித் தெரியும், ஸ்கோபஸில் இறங்கித் தெரியும். இதெல்லாம் தெரிந்த கதை. பதவி உயர்வு விண்ணப்பத்துக்கு நான் ஸ்கோபஸை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எண்ணிக்கை அல்ல, இனிஷியல்.

நான் கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரி. எங்கள் தமிழ் வீடுகளில் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். அடுத்த மேசை மலையாளிக்கு வீட்டுப்பெயருக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என இரண்டெழுத்து, அதுவும் பெயருக்குப் பின்னால். ஆந்திரச் சித்தூரிலிருந்து வந்த மாணவனுக்கு முன்னால் நிற்பது குடும்பப் பெயர். ஆய்விதழ்ப் படிவமோ 'கடைசிப் பெயர்' கட்டத்தை நிரப்பாமல் நகரவிடாது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி போட்டால், அப்பா பெயர் முழுதாகவும் என் பெயர் ஓரெழுத்தாகவும் மேற்கோளில் வரும். நெல்லும் மாடுமாக வாழ்ந்த என் அப்பா, ஸ்கோபோலமின் கொடுத்து மறதி உண்டாக்கிய எலிகளுக்கு நீர்ப்பிரமிச் சாறு கொடுத்துப் பார்த்த ஆய்வின் ஆசிரியராக அச்சில் நிற்கிறார். அவருக்கு அதில் சந்தோஷம்தான். கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாற்றிய தோழிகள் பாடு இன்னும் மோசம். பிஎச்டி காலத்துக் கட்டுரைகள் ஒருத்தி கணக்கில், பிறகு எழுதியவை இன்னொருத்தி கணக்கில்.

பராமரிப்பு வேலை இங்கேதான் தொடங்குகிறது. எஸ். குமார் என்ற பெயரில் ஸ்காலர் கணக்கு வைத்து, கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியைத் திறந்துவிட்டால், எலியின் நினைவாற்றலுக்குக் கீழே வேறொரு எஸ். குமார் எழுதிய கான்கிரீட்டின் வலிமையும் வந்து உட்காரலாம். என்னைக் கேட்டுச் சேர் என்று வைத்தாலும் களையெடுப்பு நம் தலையில்தான். ஒரே கட்டுரை இரண்டு வரியாக நின்றால் அதையும் நாமே இணைக்க வேண்டும். ஸ்கோபஸின் கோளாறு வேறு மாதிரி: ஒரே ஆளை இரண்டு ஆசிரியர் எண்ணில் பிரித்து வைத்துவிடும். ஆனால் சேர்த்துத் தரச் சொல்லி நாமே விண்ணப்பிக்கலாம், அதற்குச் சந்தா வேண்டாம். ஆய்வாளருக்கு ஆளுக்கொன்றாகத் தரும் அடையாள எண்ணான, 2012இல் வந்த 16 இலக்க ஆர்கிட் எண்ணையும் அதோடு கோத்துவிட்டு, கட்டுரை அனுப்பும்போதெல்லாம் அந்த எண்ணைக் கொடுத்துவந்தால் பாதித் தலைவலி குறையும். தன் கட்டுரையைத் தானே சுட்டிக்கொண்டதைக் கழித்துப் பார்க்கும் வசதியும் ஸ்கோபஸில் உண்டு. ஸ்காலரில் அதற்குப் பொத்தானே கிடையாது.

அதற்காக ஸ்காலரை மூடிவிடவில்லை. ஆய்வேடு, கருத்தரங்கத் தொகுப்பு, சின்ன இதழ் என்று எங்கே நம்மைச் சுட்டினாலும் பெரும்பாலும் அங்கேதான் கண்ணில் படும். மூலிகை ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

எச்-இண்டெக்ஸ், 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன அளவு. தலா 12 முறையாவது சுட்டப்பட்ட கட்டுரை 12 இருந்தால் எச் 12. எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதாமல் இதைத் தன்விவரத்தில் போடுபவர்களை நான் நம்புவதில்லை. எங்கள் துறையில் எண்ணைப் பார்த்து மட்டும் ஆளை எடைபோடவும் முடியாது. அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை அளக்க எல்மன் 1961இல் தந்த முறையையும், எலியை நீந்தவிட்டு மேடையைத் தேடவைக்கும் மாரிஸின் 1984 கட்டுரையையும் தலைமுறை தலைமுறையாகச் சுட்டிக்கொண்டே இருக்கிறோம். செய்முறைக் கட்டுரைக்கும் ரிவ்யூ கட்டுரைக்கும் சேர்கிற மேற்கோள், ஒரு மூலக்கூறோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவருக்குச் சேராது.

இதே மாதிரி இன்னொரு சந்தாத் தளமான வெப் ஆஃப் சயின்ஸ்? எங்கள் கல்லூரியில் சந்தா இல்லை. நண்பர் கணக்கில் எட்டிப் பார்த்ததோடு சரி, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன். மத்திய அரசு கல்லூரிகளுக்குப் போடும் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு ஸ்கோபஸோடு அதையும் பார்க்கிறார்கள் என்பதால், சந்தா உள்ள கல்லூரிக்காரர்கள் அங்கேயும் தங்கள் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

புதிதாகப் பிஎச்டி சேரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது, முதல் கட்டுரை அனுப்பும் முன்பே ஆர்கிட் எடுத்துவிடுங்கள், எழுத்துக்கூட்டல் ஒன்றை முடிவுசெய்து கைடிடமும் சொல்லிவிடுங்கள் என்பதுதான். கைடுகள் பழக்கதோஷத்தில் இனிஷியலை இடம்மாற்றிப் போட்டுவிடுவார்கள்.